மணியாச்சியில் வெடித்த பிரவுனிங்

வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் ஆஷ் அன்று எங்கே போய்க்கொண்டிருந்தார் தெரியுமா? கொடைக்கானலுக்கு!

1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷும் அவர் மனைவி மேரியும் காலையில் ரயில் ஏறினார்கள். அவர்களுடைய நான்கு பிள்ளைகளும் கொடைக்கானலில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தார்கள். மணியாச்சியில் போட் மெயிலுக்காகக் காத்திருந்தபோது, முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறிய வாஞ்சி நெஞ்சில் சுட்டார். பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடி, தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதுவரை கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவால்வர்தான். ஐந்தாறு தோட்டாக்களைச் சுமந்து சுழலும் உருளை அதன் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். சட்டைக்குள் மறைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்கரான ஜான் பிரவுனிங் அந்த உருளையையே எடுத்துவிட்டார். தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். துப்பாக்கி தட்டையாகிவிட்டது.

சுட்டதும் வெடிப்பின் வேகம் காலித் தோட்டாவைப் பின்னால் தள்ளும். அதோடு மேலுள்ள ஸ்லைடும் பின்னால் போகும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு முறை சுடவும் விசையை இழுத்தாக வேண்டும். அதனால்தான் 'அரை' தானியங்கி.

இந்த வரிசையில் முதலாவது 1900-ஆம் ஆண்டு மாடல். எஃப்.என். கம்பெனி பெல்ஜியத்தின் எர்ஸ்டல் நகரில் தயாரித்தது. எடை சுமார் 625 கிராம், நீளம் ஒரு சாண்கூட இல்லை, உள்ளே ஏழு தோட்டா. சுமார் ஏழு லட்சம் செய்தார்களாம்! வணிகவியல் படிக்கும் எனக்கு இங்கேதான் கண் நிற்கிறது. இத்தனை லட்சம் செய்யப்பட்ட சரக்கு ஒரு நாட்டுக்குள் அடங்கி நிற்குமா? 1909-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியாவின் ஆன் ஜுங்-குன் ஜப்பானின் இட்டோவைச் சுட்டது இந்த மாடலால்தான். 1914-ல் சரயேவோவில் இளவரசர் பெர்டினாண்டைக் கொன்றதும் எஃப்.என். செய்த இன்னொரு பிரவுனிங்தான்.

இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1878-லேயே வெள்ளையர்கள் சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கேதான் வ.வே.சு. ஐயர் வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார்.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியவர் ஆஷ் என்ற கோபம் மக்களிடம் இருந்தது. 1908 மார்ச்சில் திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்ததும் மறக்கவில்லை. அந்தக் கோபம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருந்தது. ஆனால் காவல் படையோடு சுற்றும் அதிகாரத்தின் அருகே ஒரு தனி ஆள் போக முடிந்ததற்கு, மடியில் மறையும் இந்தச் சின்னக் கருவியும் ஒரு காரணம்.

இன்று அந்த நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. அந்த வழியாக ரயிலில் போனால் வாஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே. அப்பா வருவார் என்று மலைமேல் காத்திருந்த அந்த நான்கு பிள்ளைகளையும்தான்.