சுண்ணாம்புக் காளவாயிலிருந்து மின்விசைக்கு

சுனாபட்டி என்னும் மராத்தியப் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். நெருப்பால் பெயர்பெற்ற அவ்வூரைத் தொட்டுச் செல்லும் துறைமுகக் கிளைப்பாதையிலேதான், 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1915இல், கோப்போலி நீர்மின் நிலையத்தின் விசை பம்பாய் ஆலைகளை எட்டிவிட்டது. நீராவி விடைபெறத் தொடங்கிய காலம் அது.

அத்தகைய மாற்றம் இன்று தகடு மடிக்கும் பட்டறைகளிலும் நிகழ்வதைக் காண்கிறோம். 'பிரஸ் பிரேக்' என்னும் பொறியில் மேலச்சு இறங்கி, கீழச்சின் பள்ளத்தில் தகட்டை அழுத்தி மடிக்கிறது. எண்ணெய்ப் பொறியில் மோட்டார் எண்ணெயை உந்த, எண்ணெய் அச்சை உந்தும். மடிப்பு வேலை நிற்கும்போதும் பழைய பொறிகளில் பம்பு சுழன்றுகொண்டே இருக்கும். எண்ணெய் சூடேறினால் மடிப்பின் கோணமும் சற்றுப் பிசகலாம். முழு மின்சாரப் பொறியிலோ, சர்வோ மோட்டாரின் சுழற்சியே அச்சை இறக்குகிறது. அச்சு அசையும்போதே மின்செலவு மிகுதி, இரைச்சல் குறைவு, எண்ணெய்க் கசிவும் இல்லை. எனினும், மிகத் தடித்த தகடுகளுக்கு எண்ணெய்ப் பொறியே இன்றும் ஏற்றது.

தகட்டின் தடிப்பையும் கோணத்தையும் கணக்கிட அறிந்தவருக்கே புதிய பொறி பணிந்து நடக்கும். ஆகவே, மும்பைப் பட்டறைகளில் உழைக்கும் தமிழிளைஞர், கைப்பழக்கத்தோடு அக்கணக்கையும் கற்றுக்கொள்வது அவர்தம் பிழைப்புக்கு அரண் என்று கருதுகிறோம்.