ஷார்ப்வில் படுகொலை

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கேயுள்ள ஷார்ப்வில் குடியிருப்பில் 1960 மார்ச் 21 அன்று இப்படுகொலை நடந்தது. கறுப்பினத்தவர் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அனுமதிச்சீட்டை எதிர்த்து, பான் ஆப்பிரிக்க காங்கிரஸ் என்ற விடுதலை அமைப்பின் அழைப்பை ஏற்று, சீட்டில்லாமல் வந்த ஆயிரக்கணக்கானோர் காவல் நிலையத்தின் முன் திரண்டனர். காவலர்கள் சுட்டதில் 69 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். ஓடியவர்களைச் சுட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, பான் ஆப்பிரிக்க காங்கிரசோடு, மற்றொரு விடுதலை அமைப்பான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசையும் தடைசெய்தது. அறவழி அடைபட்டதால் 1961இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர்களான மண்டேலா முதலானோர் ஆயுதப் படை அமைத்தனர். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்திலிருந்து வெளியேறியது. நிறவெறி ஆட்சி முடிந்தபின், புதிய அரசமைப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவராக மண்டேலா 1996 டிசம்பர் 10 அன்று கையெழுத்திட்டது ஷார்ப்வில்லில்தான்.