வீட்டுப் பிரிவினையும் நில உறவுகளும்: மல்லாவிப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

கட்டிடக்கலை பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் கோயிலோடும் கோட்டையோடும் நின்றுவிடுகின்றன. மரத்தை நிறுத்தி மண்ணைச் சுவராக அப்பிய சாதாரண வீடு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளப்படுவது அரிது. ஆனால் ஒரு சமுதாயத்தின் சொத்துறவுகள் மாறியவாற்றை அறிய, அங்கு வீடு எவ்வாறு பிரிக்கப்பட்டது என வினவுதல் பயனுடையது.

இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டவை தென்கிழக்கு இங்கிலாந்தின் மரச்சட்டக வீடுகளாகும். கென்ற், சசெக்ஸ் பகுதிகளில் 15ஆம் நூற்றாண்டளவில் வசதிபடைத்த உழவர் எழுப்பிய வீடுகளின் நடுவே, கூரைவரை திறந்த கூடமும் அதன் தரையில் அடுப்பும் இருந்தன. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் புகைபோக்கியும் மேல்தளமும் அக்கூடத்துள் அமைக்கப்பட்டன. பின்னர் நிலம் பெரும்பண்ணைகளாகத் திரண்டு சிறு உழவர் கூலியாளராகியபோது, இத்தகைய வீடுகள் பல இடைச்சுவர்களால் பகுக்கப்பட்டுக் கூலிக் குடும்பங்களின் குடில்களாயின. எனினும் இடைச்சுவர்களுக்கு மேலே, பழைய அடுப்பின் புகையாற் கறுத்த கைமரங்கள் முன்னைய ஒரே கூடத்துக்கு இன்றும் சான்றாக நிற்கின்றன.

நமது சூழலில் இதற்கு ஒப்பாகக் கூறத்தக்கது யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு. ஆயின் அதனைப் பகுத்தது கூலியுழைப்பன்று, சீதனமும் முதுசமுமாகும். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை இவ்வுரிமைகளுக்கு எழுத்துவடிவம் அளித்தது. நிலம் அருகிய குடாநாட்டில் வளவு மட்டுமன்றிக் கிணறும் பங்குக்குட்பட்டது.

மல்லாவி, துணுக்காய்ப் பகுதிகளின் பழைய வீடு வேறு இலக்கணமுடையது. காட்டுமரக் கப்புகளை நட்டு, வளையேற்றி, வரிச்சுத்தடி கட்டி, இடையே புற்றுமண்ணைக் குழைத்து அப்பி, இலுக்கோ வைக்கோலோ கிடுகோ வேய்ந்தனர். வீடு, அடுக்களை, தலைவாசல், நெற்கொம்பறை என்பன தனித்தனியே நின்றன; முற்றமே அவற்றை இணைத்தது. மகளுக்கு மணமாயின் வளவில் இன்னொரு கூரை எழுந்தது. இவ்வாறு வீட்டைப் பகுக்காமலே குடும்பம் பெருக முடிந்தது. காடு கைக்கெட்டியதும் குடித்தொகை குறைந்திருந்ததுமே இதன் பொருளியல் அடித்தளம் எனலாம். இதனைப் பொற்காலமாகக் கொள்ளுதல் தவறு. வயலும் குளத்துநீரும் எல்லோர்க்கும் சமமாகக் கிட்டியதில்லை. எவரது வளவுக்குள் எவர் நுழையலாம் என்பதைச் சாதி வகுத்தது.

இவ்வடித்தளத்தைச் சட்டங்கள் படிப்படியாக மாற்றின. 1840ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை நிறுவப்படாத காட்டை முடிக்குரியதெனக் கொண்டது. 1907ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்தின்கீழ் அரச காட்டில் கப்பு வெட்டுவதும் அனுமதிக்குரிய காரியமாக இருந்தது. சுதந்திரத்தின் பின் வவுனிக்குளம் திருத்தப்பட்டுக் குடியேற்றம் நிகழ்ந்தது. அரச காணி வழங்கலை நெறிப்படுத்திய 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் காணி துண்டாடப்படுவதைத் தடுக்க முற்பட்டது; உரிமையாளர் தமக்குப் பின்னுரித்தாளரை நியமித்தல் வேண்டும். நியமனம் இல்லாதவிடத்து, 2022இல் திருத்தப்படும்வரை, மகளுக்கு முன் மகனுக்கே உரித்துச் சென்றது. வழக்கப்படி வளவில் மகளுக்கென எழுந்த கூரை, சட்டத்தின் முன் வெறும் அண்டியிருப்பாயிற்று. இங்கிலாந்தில் இடைச்சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே பிரிவு அனுமதிப்பத்திரத்தில் மறைந்திருந்தது.

2008இல் போர் இப்பகுதி மக்களை இடம்பெயர்த்தது. மீள்குடியேற்றத்தின் பின், இந்திய வீடமைப்புத் திட்டம் முதலியவற்றால் வன்னியெங்கும் கல்வீடுகள் எழுந்தன. அத்திட்டத்தின் வீடு 550 சதுர அடி அளவினது; ஒரு கூரையின்கீழ் அறையும் அடுக்களையும் அடங்கியது. இழந்தோர்க்கு அது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆயின் உரித்துப் பிரச்சினை அதனாற் தீரவில்லை. பிள்ளைகள் பெருகும்போது கல்வீட்டின் அருகே இன்னொரு கூரை எழுப்பலாம். எழுந்த கூரைக்குரியவர் பெயர் பத்திரத்தில் இராது.

எனவே வன்னியின் பழைய வீட்டை ஆராய்வோர் கப்பின் உயரத்தையும் கூரையின் சரிவையும் அளப்பதோடு அமையலாகாது. அவ்வளவின் ஒவ்வொரு கூரையின்கீழும் வாழ்ந்தவர் எவர், காணி எவர் பெயரில் இருந்தது என்பவற்றையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். முதியோர் நினைவில் இவ்விவரங்கள் எஞ்சியிருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.