எல்60 எஞ்சின்

இந்தியாவின் விஜயந்தா டாங்கியை ஓட்டிய டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். பிரிட்டனின் லேலண்ட் நிறுவனம் வடிவமைத்தது. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன், இரண்டு கிராங்க் ஷாஃப்ட், 19 லிட்டர் கொள்ளளவு. சென்னையை அடுத்த ஆவடியில் 1960களின் நடுவிலிருந்து 1983 வரை தயாரான விஜயந்தாவுக்கும், அதன் அடிச்சட்டத்தை நீட்டி 130 மி.மீ. பீரங்கியை ஏற்றிய கேட்டபுல்ட் வண்டிக்கும் இதுவே எஞ்சின். பழுதுக்குப் பெயர்போனது, இதன் வரலாறு பெருமளவு இதைப் பிரித்து மாட்டிய வரலாறே.

முன்வரலாறு

விடுதலைக்குப் பின் இந்தியத் தரைப்படையிடம் இருந்தவை ஸ்டூவர்ட், ஷெர்மன், செஞ்சூரியன், பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்.-13 முதலிய டாங்கிகள். செஞ்சூரியனில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸின் 27 லிட்டர் மீட்டியார், பெட்ரோல் எஞ்சின். இவற்றைப் பராமரித்தது 1943இல் உருவான இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல்) படைப்பிரிவு.

எல்60இன் அடிப்படையான எதிரெதிர்ப் பிஸ்டன் யோசனை ஜெர்மனியிலிருந்து வந்தது. 1930களில் யுங்கர்ஸ் நிறுவனம் யூமோ 205 என்ற விமான டீசல் எஞ்சினைச் செய்தது. ஒரே சிலிண்டருக்குள் மேலிருந்து ஒரு பிஸ்டனும் கீழிருந்து ஒன்றும் வந்து நடுவில் நெருங்கும். அந்த இடைவெளியில் டீசல் பீய்ச்சப்பட்டு வெடிக்கும். இரண்டும் விலகி ஓடும். சிலிண்டர் ஹெட் கிடையாது, வால்வு கிடையாது. காற்று உள்ளே வருவதும் புகை வெளியேறுவதும் லைனர் சுவரில் உள்ள துளைகள் வழியாகத்தான்.

1957இல் நேட்டோ நாடுகள் போர் வண்டிகளுக்குப் பல எரிபொருள் ஏற்கும் எஞ்சின் வேண்டும் என்று முடிவெடுத்தன. போர்க்களத்தில் டீசல் கிடைக்காவிட்டால் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி ஓட்டலாம் என்பது கணக்கு. தன் புதிய சீஃப்டன் டாங்கிக்காக வேறு எஞ்சினை யோசித்துக்கொண்டிருந்த பிரிட்டன், இந்த விதியால் எதிரெதிர்ப் பிஸ்டனுக்குத் திரும்பியது. மற்ற நாடுகள் பின்னர் அந்த விதியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டன் மட்டும் அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது. எல்60இன் துன்பங்களுக்கு மூலகாரணம் பட்டறையில் இல்லை, இந்த முடிவில் இருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆவடிக்கு வருகை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத் தளமாக எழுந்த ஊர் ஆவடி. 1955 காங்கிரஸ் மாநாட்டால் நாடறிந்த பெயராயிற்று. 1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது: விஜயந்தா டாங்கியை விக்கர்ஸ் வடிவமைக்கும், இந்தியா தன் மண்ணில் கட்டும். செலவைக் குறைக்க, சீஃப்டனுக்குத் தயாராகிக்கொண்டிருந்த எல்60 எஞ்சினையும் டிஎன்12 கியர்பெட்டியையும் விக்கர்ஸ் எடுத்துக்கொண்டது. பீரங்கி செஞ்சூரியனில் தேறிய 105 மி.மீ. ரகம். ஆக, டாங்கியின் மற்ற பாகங்கள் ஓரளவு சோதிக்கப்பட்டவை; எஞ்சின் மட்டும் புதுசு.

ஆவடிக் கனரக வண்டித் தொழிற்சாலை எழும்வரை முதல் 90 டாங்கிகள் இங்கிலாந்திலேயே கட்டப்பட்டன. ஆவடியின் முதல் விஜயந்தா வெளிவந்த ஆண்டாக 1965ஐயே பெரும்பாலான நூல்கள் தருகின்றன. மாதத்தில் ஒற்றுமை இல்லை. மொத்தத் தயாரிப்பு 2,200 என்ற எண் பரவலாகக் காணப்படுகிறது. அதைவிட நன்றாகக் குறைத்துச் சொல்வோரும் உண்டு. தொடக்கத்தில் இறக்குமதிப் பாகங்களை இணைப்பதாக இருந்த வேலை படிப்படியாக உள்நாட்டுத் தயாரிப்பாக மாறியது.

லேலண்ட் என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது பஸ். சிதம்பரத்திலிருந்து புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக விருத்தாசலம் போகும் சாலையில் எத்தனையோ ஆண்டுகளாக ஓடிய பஸ்களும் லாரிகளும் எண்ணூர் அசோக் லேலண்டின் தயாரிப்புகள். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, பிரிட்டனின் லேலண்ட் பங்கெடுத்த பின் 1955இல் அந்தப் பெயருக்கு மாறிய நிறுவனம் அது. பஸ் எஞ்சினுக்கும் எல்60க்கும் பெயரில்தான் உறவு, அமைப்பில் இல்லை. புவனகிரி வட்டாரத்தில் ஆயில் எஞ்சின் இறக்கிக் கட்டிப் பழகிய மெக்கானிக் ஒருவர் எல்60க்கு முன் நின்றால் முதலில் தேடுவது டாப்பெட்டை, அது இல்லை. அடுத்து ஹெட் கேஸ்கெட், அதுவும் இல்லை.

குதிரைத்திறன் பற்றிய முரண்

விஜயந்தாவின் எல்60க்கு 535 குதிரைத்திறன் என்பது இந்தியக் குறிப்புகளில் வழக்கம். விக்கர்ஸின் ஏற்றுமதி வடிவத்துக்கு 650 என்று பிரிட்டிஷ் நூல்கள் எழுதுகின்றன. இரண்டும் ஒரே எஞ்சினின் வெவ்வேறு அமைப்புகளாகலாம். திறனைக் குறைத்து வைத்தால் லைனர் மேல் விழும் வெப்பச் சுமை குறையும். பிரிட்டன் எதிர்த்திசையில் போனது: சீஃப்டன் 54 டன்னைத் தாண்டிவிட்டதால் 585இல் தொடங்கி 650, 720, 750 என்று ஏற்றிக்கொண்டே வந்தது. விஜயந்தா ஏறத்தாழ 39 டன்தான். அந்த வகையில் ஆவடி எஞ்சினுக்குப் பாரம் குறைவு.

கட்டுமானமும் பழுதும்

எல்60இன் சிலிண்டர் விட்டம் 117.5 மி.மீ.; ஒவ்வொரு பிஸ்டனின் ஓட்டமும் சுமார் 146 மி.மீ. இரண்டு பிஸ்டனுக்கும் ஒரே நீண்ட லைனர். நடுப்பகுதியில் வெடிப்பு, ஒரு முனையில் குளிர்ந்த காற்று நுழையும் துளைகள், மறுமுனையில் கொதிக்கும் புகை வெளியேறும் துளைகள். ஆகவே ஒரே இரும்புக் குழாய் நீள வாக்கில் மூன்று விதமாகச் சூடேறி மூன்று விதமாக விரியும். அதைச் சுற்றித் தண்ணீர். தண்ணீர் துளைகள் வழியே உள்ளே போகாமல் காப்பவை ரப்பர் சீல்கள் மட்டுமே. டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு; லைனருக்கு ஆறுவதற்கு நேரமில்லை. புகைத்துளைப் பக்கத்துப் பிஸ்டன் எப்போதும் மற்றதைவிடச் சூடு. சீல் இறுகும், வெடிக்கும், தண்ணீர் இறங்கும். குளிர்விக்கும் விசிறியின் இயக்கமும் அடிக்கடி கைவிட்டது. ஆயில் கசிவு, கரும்புகை, அதிகச் சூடேறல் ஆகியவை சீஃப்டனிலும் விஜயந்தாவிலும் ஒருபோலப் பேசப்பட்டவை.

நின்றுபோன எல்60ஐ எழுப்புவதற்கு ஒரு முறை உண்டு. பொறுமையில்லாதவருக்கு அது உகந்ததல்ல. ஸ்டார்ட்டரை முதலில் தொடக்கூடாது. டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். சிலிண்டரில் தண்ணீர் தங்கியிருந்தால் நாசில் துவாரம் வழியே பீய்ச்சி வெளியேறும். நாசிலைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால், நெருங்கிவரும் பிஸ்டன்களுக்கு நடுவே தண்ணீர் அமுங்காது; கனெக்டிங் ராடு வளையும். அப்புறம் பேச்சு வேறு.

பிரிப்பது முழு வேலை. பின்பக்க மூடிகளைத் திறந்து எஞ்சினைக் கிரேனால் மேலே தூக்க வேண்டும். மேல் பிஸ்டன்களை எடுக்க மேல் கிராங்க் ஷாஃப்ட் கழல வேண்டும். கீழ்ப் பிஸ்டன்களுக்குக் கீழது. லைனரை உருவிச் சீல் பள்ளங்களைச் சுரண்டிப் பழைய ரப்பர் துணுக்கு ஒன்றும் மிஞ்சாமல் பார்க்க வேண்டும். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் புது சீல் சரியாக உட்காராது.

டியூனிங் என்பது இதில் இரண்டு வேலை. முதலாவது, இரண்டு கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் பல்சக்கர வரிசை. புகைத்துளையைத் திறக்கும் பிஸ்டன் மற்றதைவிடச் சில பாகை முந்திச் செல்ல வேண்டும்; அப்போதுதான் புகை முதலில் வெளியேறி, ரூட்ஸ் எனும் காற்றூதி அனுப்பும் புதுக்காற்று பின்னால் வந்து சிலிண்டரைத் துடைக்கும். சக்கரங்களில் உள்ள குறிகளைப் பார்த்து மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் திறன் இருக்காது, புகை இருக்கும். இரண்டாவது, பம்ப் டைமிங்கும் நாசில் அழுத்தமும். இது டீசல் மெக்கானிக் எவருக்கும் பழகிய வேலைதான், அளவுதான் பெரிது. பெட்ரோல் ஊற்றி ஓட்டுவதாக இருந்தால் பம்பை வேறு அளவுக்கு மாற்ற வேண்டும், திறனும் குறையும். பல எரிபொருள் வசதி காகிதத்தில் இருந்த அளவுக்குக் களத்தில் பயன்பட்டதாகச் சொல்வோர் குறைவு.

சீர்திருத்த முயற்சிகள்

பிரிட்டன் 1970களின் பிற்பகுதியில் ‘சன்டான்ஸ்’ என்ற பெயரில் சீஃப்டன் எஞ்சின்களைத் தொகுதி தொகுதியாகத் திருத்தியது. லைனர், சீல், காற்று வடிகட்டி என்று மாற்றங்கள் நீண்டன. பலன் இருந்தது, பிணி தீரவில்லை. எழுநூறுக்கும் மேற்பட்ட சீஃப்டன்களை வாங்கிய ஈரானும் வெப்பத்தில் அதே தொல்லையை எதிர்கொண்டது. விக்கர்ஸ் நிறுவனமே தன் அடுத்த வடிவமான மார்க் 3இல் எல்60ஐக் கைவிட்டு, அமெரிக்க டெட்ராய்ட் டீசலை வைத்துக் கென்யாவுக்கு விற்றது. 

இந்தியாவில், விஜயந்தாவுக்குச் சோவியத் டி-72 டாங்கியின் எஞ்சினைப் பொருத்தும் ‘பைசன்’ திட்டம் தீட்டப்பட்டது. அது எவ்வளவு தூரம் போனது என்பதில் குறிப்புகள் மாறுபடுகின்றன. படை முழுவதற்கும் அது வரவில்லை என்பதில் ஐயமில்லை.

பின்வரலாறு

1987இல் ஆவடியில் தனி எஞ்சின் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. இங்கே வந்தவை ரஷ்ய வழி: டி-72க்கான 780 குதிரைத்திறன் வி-46-6, பி.எம்.பி.-2 போர் வண்டிக்கான யுடிடி-20, பின்னர் டி-90க்கான 1,000 குதிரைத்திறன் வி-92எஸ்2. வி-46-6 இரண்டாம் உலகப்போரின் டி-34 எஞ்சின் பரம்பரையில் வந்தது. ஃபோர்-ஸ்ட்ரோக், பன்னிரண்டு சிலிண்டர், ஹெட்டும் வால்வும் உண்டு.

விஜயந்தா 2000களின் முதல் பத்தாண்டுக்குள் படையிலிருந்து விலக்கப்பட்டது. கேட்டபுல்ட் வண்டிகளால் எல்60 இன்னும் சில காலம் உயிரோடு இருந்தது. அவற்றின் பீரங்கியை அர்ஜுன் டாங்கியின் அடிச்சட்டத்துக்கு மாற்றும் பணியை ஆவடியின் போர் வண்டி ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்டது. மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) 1994இல் திறக்கப்பட்ட டாங்கி அருங்காட்சியகத்தில் விஜயந்தா உண்டு. காட்சிக்கு நிற்கும் டாங்கிகளுக்குப் பெயின்ட் பூசப்படுகிறது. எஞ்சினை ஓடவைப்பது வேறு வேலை. பிரிட்டனில் தனியார் ஆர்வலர் சிலர் சீஃப்டன்களை வாங்கி எல்60ஐ மறுபடி ஓடவைக்கின்றனர். சீலும் லைனரும் கிடைப்பதே அவர்களுக்கும் சிக்கல்.

2018இல் முழு உள்நாட்டுப் பாகங்களால் ஆன வி-46-6, வி-92எஸ்2 எஞ்சின்கள் ஆவடியில் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டன. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆவடித் தொழிற்சாலைகள் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். நிறுவனத்தின் கீழ் வந்தன. 2024 மார்ச்சில் 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு டாங்கி எஞ்சின் ஒன்று மைசூரு பி.இ.எம்.எல். வளாகத்தில் முதன்முறையாக ஓட்டிப் பார்க்கப்பட்டது.