வாவ் பட்டத்தின் தாள்வேலை

வாவ், மலேசியாவின், குறிப்பாகக் கிளந்தான் மாநிலத்தின், மரபுப் பட்டம். பிளந்த மூங்கில் சட்டத்தில் தாள் ஒட்டி, அதன்மேல் கத்தியால் வெட்டிய கொடி, இலை, பூ வடிவங்களைப் பளபளப்பு வண்ணத்தாளில் அடுக்கடுக்காக ஒட்டுவர். தாளை இரண்டாக மடித்து வெட்டினால் இருபுறமும் ஒத்து அமையும். ஆகவே இது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று, ஒட்டுச்சித்திரக் கலையுமாகும். சுவரில் மாட்டுவதற்கென விற்கும் சிறு வாவ் பறக்காது, அதனால் அது மரபாகாது என வாதிடலாம். ஆனால் பறத்தல் சட்டத்தின் சமநிலையைச் சார்ந்தது. ஒட்டுவேலையின் நுட்பமோ சிறு பரப்பிலும் குறைவதில்லை, வாங்குவோர் இருந்தால்தான் அத்தொழிலும் நிலைக்கும். 1989இல் அறிமுகமான மலேசிய 50 சென் நாணயத்தில் வாவ் பொறிக்கப்பட்டதால், கிளந்தானுக்கு வெளியே, பாகான் நக்கோடா ஓமார் போன்ற சிலாங்கூர் மீனவ ஊர்களின் கல்லாப்பெட்டிகளிலும் அவ்வுருவம் புழங்கியது.