ரெக்கார்ட் நோட்டுக்கு வெளியே இயற்பியல்

படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு மேற்கே எழும் ஜவ்வாது மலைத்தொடரின் உட்பகுதியில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்தபோது, அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைப் புதிய துணைக்கோளின் அடையாளமாகக் கொண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினர். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, மறைத்தது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது.

அளப்பது, ஊகிப்பது, பிறர் அளவோடு உரசிப் பார்த்துத் திருத்திக்கொள்வது. இந்தப் பழக்கம் கல்லூரி முதலாண்டு இயற்பியலுக்குள் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. அங்கே பிராக்டிகல் என்றால் பெரும்பாலும் கையேட்டுச் செய்முறை, முன்பே தெரிந்த விடை, ரெக்கார்ட் நோட்டில் ஒரு கையெழுத்து.

அந்தச் சட்டகத்துக்குள்ளும் மீறல் நிகழ்ந்திருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்த சி. வி. ராமன், சாய்வாக விழும் ஒளியின் விளிம்புவிளைவுப் பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனித்தார். கோணத்தைக் கணக்கிட அது தேவையே இல்லை. ஆனாலும் அதைத் தொடர்ந்து போனார். 1906இல் ‘பிலசாபிகல் மேகசின்’ அந்தக் கட்டுரையை வெளியிட்டபோது அவருக்கு வயது 18.

தனி மாணவரின் குறுகுறுப்பாக இருந்ததை வகுப்பின் முறையாக்கும் முயற்சி பின்னால் வந்தது. பள்ளி அளவில், 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் திட்டம் 16 நடுநிலைப் பள்ளிகளில் சோதனை வழிக் கற்றலைத் தொடங்கியது. பல்கலைக்கழக அளவில், ஹார்வர்டின் எரிக் மசூர் 1991 முதல் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதிடச் சொன்னார். 1992இல் நியூட்டன் விதிகளின் புரிதலைச் சோதிக்கும் பொது வினாத்தாள் ஒன்று வெளியானது. இதைப் போன்ற தேர்வுகளைக் கொண்டு ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளில் 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டார். முன்தேர்வில் தவறவிட்டதில், வழக்கமான விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டையே மீட்டிருந்தன. ஊடாடும் வகுப்புகள் 48 விழுக்காட்டை மீட்டிருந்தன.

இந்தியக் கல்லூரிகளுக்கு இன்னொரு தடை இருந்தது: கருவி விலை. டில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் 2004இல் ‘ஃபீனிக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. அதில் பி. பி. அஜித்குமாரும் குழுவினரும் உருவாக்கிய ‘எக்ஸ்ப்ஐஸ்’, கணினியோடு இணையும் உள்ளங்கை அளவுப் பெட்டி. அதன் மென்பொருளும் சுற்று வடிவமும் யாரும் எடுத்தாளத்தக்கவை.

அதில் செய்யும் ஒரு சோதனை: செங்குத்தாக நிறுத்திய கம்பிச்சுருளுக்குள் சிறு காந்தத்தைப் போட வேண்டும். போடுவதற்கு முன், திரையில் வரப்போகும் மின்னழுத்தக் கோட்டை மாணவர் தாளில் வரைகிறார். ஒரே மேடு வரையும் கைக்குத் திரை ஒரு மேட்டையும் ஒரு பள்ளத்தையும் காட்டுகிறது. காந்தம் நுழையும்போது ஒரு திசை, வெளியேறும்போது எதிர்த்திசை. பள்ளம் மேட்டைவிடக் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கிறது. விழும் காந்தம் வேகமெடுத்திருப்பதால் அப்படி என்று ஒருவர் சொல்ல, அப்படியானால் இரண்டின் பரப்பும் சமமாக இருக்குமா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். காந்தத்தை மறுபடி எடுக்கிறார்கள், இந்த முறை இன்னும் உயரத்திலிருந்து போட.