ஜப்பானியத் தொழில்களின் ஏற்றமும் இறக்கமும்

சென்னையிலிருந்து நெல்லூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் சென்றால் தடா என்னும் ஊரை அடைவோம். அதற்கு மேற்கே, சத்தியவேட்டு வட்டாரத்தில், ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் 2008-ஆம் ஆண்டு முதல் எழுந்து வருகிறது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னைக்கும் ஆந்திரத்துக்கும் இடையே எல்லை திருத்தப்பெற்றபோது, திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. அதுவரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேட்டுப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னர் அஃது திருப்பதி மாவட்டத்தில் அடங்கியிருக்கிறது. எல்லைக் கோடு மாறியும் வீட்டு மொழி மாறாத தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல உண்டு. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இந்நிலை புதிதன்று.

இவ்வட்டாரத்தில் இன்று ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல இயங்குகின்றன. இசுசு கம்பெனி பிக்கப் வண்டிகளைச் செய்கிறது. கோபெல்கோ மண் தோண்டும் இயந்திரங்களைச் செய்கிறது. டைக்கின் குளிர்சாதனப் பெட்டிகளையும், பானசோனிக் மின் சுவிட்சுகளையும் செய்கின்றன. அதே மாவட்டத்தில், திருப்பதி விமான நிலையத்தை ஒட்டிய ரேணிகுண்டா, ஏர்ப்பேடு வட்டாரத்திலும் மின்னணுத் தொழிற்சாலைகள் அமைந்துள்ளன. தொலைக்காட்சிப் பெட்டியும் அதன் திரைத் தொகுதியும் மின்கலமும் அங்கே உருவாகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னர் தொலைக்காட்சி என்றதும் சோனி, ஜே.வி.சி., சான்யோ என்று ஜப்பானியப் பெயர்களே வாயில் வந்தன. திருப்பதியிலோ டிக்சன் என்னும் இந்தியக் கம்பெனி 2018-இல் சீனத்து ஷியோமிக்காகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. சீனத்து டி.சி.எல். குழுமமும் திரைத் தொகுதி ஆலைக்கு அங்கே இடம் பிடித்தது. ஒரு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் ஜப்பான் வேரூன்றியிருக்க, மற்றொரு பக்கத்தில் அதன் பழைய அரியணையில் பிறர் அமர்ந்திருப்பது ஏன்? இவ்வாலைகளில் வேலைக்குச் செல்லும் இளைஞரின் வருங்காலம் இக்கேள்வியோடு பிணைந்திருக்கிறது.

விடை காணத் துணியின் வரலாற்றிலிருந்து தொடங்குவது நன்று. நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்களின் தறியோசையை அறிந்தவர்களுக்கு இது அயலார் கதையாகத் தோன்றாது. சகிச்சி டொயோடா என்பவர் 1924-இல் தானியங்கித் தறி ஒன்றை நிறைவு செய்தார். ஓட்டம் நிற்காமலேயே அது நாடாவை மாற்றிக்கொள்ளும்; ஓர் இழை அறுந்தால் தானே நின்றுவிடும். லங்காஷயர் நெசவாளர் ஒருவர் நாலைந்து தறிகளைக் கவனித்து வந்த காலத்தில், இத்தகைய தறிகள் பல பத்தை ஒருவரே மேற்பார்க்க முடிந்தது. 1929-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிளாட் சகோதரர் கம்பெனியே ஒரு இலட்சம் பவுன் கொடுத்து அதன் உரிமையைப் பெற்றது. கற்பித்தவர் மாணவரிடம் கற்கச் சென்ற நாள் அது.

1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையைக் கைவிட்டது. ஓராண்டுக்குள் யென்னின் மதிப்பு பாதிக்கும் கீழே சரிந்தது. துணி விலையும் அயல்நாட்டார் கணக்கில் அவ்வளவுக்குச் சரிந்தது. 1933-இல் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனை முந்தியது. அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசாங்கம் பிரிட்டனல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து வரி விதித்தது. இந்தியப் பருத்தியை வாங்க மாட்டோமென்று ஜப்பானிய ஆலைகள் பதிலடி கொடுத்தன. 1934-இல் உடன்பாடு ஏற்பட்டு வரி ஐம்பதாகக் குறைந்தது. நம் பருத்தியை எவ்வளவு வாங்குகிறார்களோ அதற்கேற்ப அவர்கள் துணி இங்கு வரலாம் என்று அளவு வகுக்கப்பட்டது. மலிவான நாணயத்தால் கிடைத்த வெற்றிக்கு மறுகரையில் சுங்கச் சுவர் எழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்நாளில் ஜப்பான் சரக்கு என்றால் மலிவும் நொய்மையும் என்றே உலகம் எண்ணியது. போருக்குப் பின்னர் அந்தப் பெயர் துடைக்கப்பட்டது. 1950-இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் டோக்கியோவுக்கு வந்து, குறையுள்ள பொருளைக் கடைசியில் பொறுக்கி எறிவதைவிடக் குறை பிறக்கும் இடத்தைத் தேடித் திருத்துவதே சிக்கனம் என்று போதித்தார். அவர் பெயரால் 1951 முதல் பரிசு வழங்கப்பட்டு வருகிறது. (சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு 1998-இல் அப்பரிசைப் பெற்றது, இந்தியாவில் அதுவே முதல்.) 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று நாணய மாற்று அசையாமல் நின்றதும் ஏற்றுமதிக்குத் துணையாயிற்று.

இதற்கிடையில் ஜப்பானில் கூலி உயர்ந்தது. துணி நெய்யும் தொழில் கொரியா, தைவான், ஹாங்காங் எனக் கைமாறியது. ஆயினும் துணியை இழந்த ஜப்பான் தறியை இழக்கவில்லை. பிறர் நெய்வதற்கு இயந்திரம் செய்து விற்றது. டொயோடா குழுமமே 1995-இல் பெங்களூரில் கிர்லோஸ்கருடன் கூடி நூற்பு இயந்திரம் செய்ய முன்வந்தது. செயற்கைப் பட்டு நூற்பதற்காக 1926-இல் தோன்றிய டோரே கம்பெனியின் கதையும் இத்தகையதே. அது நூலிலிருந்து நெகிழிக்கும், விமான உடலுக்கு உதவும் கரியிழைக்கும் முன்னேறியது. இன்று ஸ்ரீசிட்டியிலும் நெகிழிக் கலவைகளையும் நெய்யாத் துணியையும் செய்கிறது.

1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி டாலரின் மதிப்பைத் தாழ்த்த இசைந்தனர். அப்போது டாலருக்குச் சுமார் 240 யென். மூன்றாண்டுக்குள் அது 120-ஐ நெருங்கியது. உள்நாட்டில் செய்து வெளிநாட்டில் விற்பது கடினமாகவே, ஜப்பானியத் தொழில்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும், பின்னர் இந்தியாவுக்கும் குடிபெயர்ந்தன. எனினும் யென்னை மட்டும் குற்றஞ்சாட்டுவது எனக்கு உடன்பாடன்று. யென் எல்லாத் தொழிலையும் ஒன்றுபோல் அழுத்திற்று, வீழ்ந்தவை சிலவே.

தொலைக்காட்சித் தொழில் அவ்வாறு வீழ்ந்தது. 1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, நம் கம்பெனிகள் ஜப்பானியரின் தொழில்நுட்பத்தையே நாடின. குழாய்த் திரைக் காலத்தில் வண்ணம் பிசகாமல், கோடு வளையாமல் படம் விழச் செய்வது தேர்ந்த கைகளின் வேலை. தட்டைத் திரையும் எண்முறை ஒளிபரப்பும் வந்தபின் அத்தேர்ச்சியெல்லாம் ஒரு திரைப்பலகையிலும் ஒரு சில்லிலும் அடங்கிவிட்டது. இரண்டையும் விலைக்கு வாங்கியவர் எவரும் பெட்டியைப் பூட்டி விற்கலாமென்றாயிற்று. திரைப்பலகை செய்யும் இயந்திரங்களை ஜப்பானியரே கொரியாவுக்கும் சீனாவுக்கும் விற்றனர். கொரியர் மந்த காலத்திலும் துணிந்து முதலிட்டனர். ஜப்பானியக் கம்பெனிகளோ தத்தம் நாட்டு வாடிக்கையாளர் விரும்பிய நுண்மைகளில் திளைத்தன. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் பானசோனிக், சோனி, ஷார்ப் ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 1.6 இலட்சம் கோடி யென் நட்டமடைந்தன. 2016-இல் ஷார்ப் தைவானின் ஃபாக்ஸ்கான் கைக்குச் சென்றது. மின்கலத்திலும் இதுவே நிகழ்ந்தது. லித்தியம் அயனி மின்கலத்தை 1991-இல் முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்த சோனி, 2017-இல் அத்தொழிலையே முராட்டா கம்பெனிக்கு விற்றுவிட்டது. அவ்வகை மின்கலம் செய்ய 2022-இல் திருப்பதியில் சோதனை ஓட்டம் தொடங்கிய முனோத் கம்பெனியோ இந்திய நிறுவனம்.

நிலைத்து நின்ற தொழில்களின் இயல்பு வேறு. டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பொருளியலறிஞர் தகஹிரோ ஃபுஜிமோட்டோ இதை விளக்க ‘சுரியவாசே’ என்னும் ஜப்பானியச் சொல்லைக் கையாண்டார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, தச்சர் ஒரு பலகையை மற்றொன்றோடு வைத்துப் பார்த்து, இழைத்து, மீண்டும் வைத்துப் பார்த்துப் பொருத்துவதே இதற்கு நேரான தமிழாகத் தோன்றுகிறது. எந்தப் பொருளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருந்தவேண்டுமோ, அங்கே பல்லாண்டு ஒன்றாய் உழைத்த பட்டறைக்கு வலிமை மிகுதி. கடையில் கிடைக்கும் உறுப்புகளைக் கூட்டினாலே பொருள் முழுமையாகும் என்றால், விரைவும் மலிவும் உடையவர் வெல்வர்.

குளிர்சாதனப் பெட்டியின் உயிர் கம்ப்ரஸர். மின்சாரச் செலவு குறைய அதன் சுழற்சி தேவைக்கேற்பக் கூடவும் குறையவும் வேண்டும். மோட்டாரும் உருளையும் எண்ணெயும் வாயுவும் ஒன்றையொன்று அறிந்து இயங்கவேண்டும். 1924-இல் ஓசாகாவில் தோன்றிய டைக்கின், குளிர்விக்கும் வாயுவையும் கம்ப்ரஸரையும் தானே செய்யும் நிறுவனம். ஆர்-32 என்னும் வாயு பற்றிய தன் காப்புரிமைகளை அது 2011-இல் வளரும் நாடுகளுக்கும் 2015-இல் உலகனைத்துக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. இது தருமம் மட்டுமன்று. உலகமே தன் வழிக்கு வந்தால் தன் அனுபவமே முதலாகும் என்னும் கணக்கும் அதில் உண்டு. அதன் ஸ்ரீசிட்டி ஆலை 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. மண் தோண்டும் இயந்திரத்தின் சிறப்பும் எண்ணெய் அழுத்தத்தை நுணுக்கமாய் ஆளும் அடைப்பான்களில் இருக்கிறது. நம் நாட்டுப்புறத்தில் அவ்வியந்திரத்தை முன்பு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரால் பொக்லைன் என்றார்கள். பிறகு எந்தக் கம்பெனியுடையதானாலும் ஹிட்டாச்சி என்றார்கள். ஊர்வாய்ச் சொல் ஆவதைவிடப் பெரிய வெற்றி வணிகத்தில் ஏது!

தொலைக்காட்சியில் தோற்ற பானசோனிக் 2022-இல் ஸ்ரீசிட்டியில் சுவிட்ச் ஆலை திறந்தது. 1918-இல் கொனொசுகே மட்சுஷிடா அக்கம்பெனியைத் தொடங்கியதும் மின்விளக்குச் செருகியில்தான். கம்பெனி தன் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதாகவே கொள்ளலாம். இசுசுவும் இவ்வாறு சுருங்கி வாழக் கற்றது. 1990-களில் சொந்தக் கார்த் தொழிலை விட்டு, டீசல் இஞ்சின், லாரி, பிக்கப் ஆகியவற்றில் நிலைத்தது. 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டி ஆலையைத் திறந்து, 2020-இல் இஞ்சின் பிரிவையும் தகட்டு அச்சுப் பிரிவையும் சேர்த்தது. வண்டியைப் பூட்டுவதோடு நில்லாமல் இஞ்சினும் இங்கே உருவாவதால், கற்கும் தொழில் கூடுகிறது. சத்தியவேட்டு இளைஞருக்கு இவ்வேறுபாடு பெரிது. உறுப்புகளைப் பூட்டும் ஆலையை வேறு ஊருக்கு மாற்றுவது எளிது. கற்ற கைகளைப் பெயர்த்தெடுப்பது எளிதன்று.

ஆயினும் எல்லைக் கோடு இங்கும் நகர்கிறது. மின்சார வண்டியில் நூற்றுக்கணக்கான இஞ்சின் உறுப்புகளின் இடத்தை மின்கலமும் மோட்டாரும் கணிப்பொறி நிரலும் பிடித்துக்கொள்கின்றன. கார் தொலைக்காட்சிப் பெட்டியைப் போல் ஆகத் தொடங்குகிறது. 2023-இல் கார் ஏற்றுமதியில் சீனா ஜப்பானை முந்தியது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2010-இல் ரெனோவுடன் கூட்டாக ஆலை திறந்த நிசான், 2025-இல் தன் பங்கைக் கூட்டாளிக்கே விற்றது. குளிர்சாதனத்திலும் போட்டியாளர் வாசலுக்கே வந்துவிட்டனர். ஸ்ரீசிட்டியிலேயே இந்தியக் கம்பெனிகளான புளூ ஸ்டாரும் ஹேவல்ஸும் ஆலை நடத்துகின்றன. 2025 மே மாதத்தில் கொரியாவின் எல்.ஜி. 5,001 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டியது; அத்திட்டத்தில் கம்ப்ரஸரும் அடங்கும். இசுசு தன் முதல் மின்சார பிக்கப்பை 2024-இல் பாங்காக்கில் காட்டியது. அவ்வண்டியைச் செய்யும் பொறுப்பு தாய்லாந்து ஆலைக்குக் கிடைத்திருக்கிறது.